பின்சக்கரத்தின் நேர்மை



மோட்டார் வண்டி ஒன்று தெருவில் வந்து நின்றால் நாம் முதலில் அதன் முகப்பைப் பார்க்கிறோம். விளக்குகளையும் வண்ணத்தையும் பார்க்கிறோம். ஓட்டத் தெரிந்தவர்கள் முன்சக்கரங்களையும் ஒருமுறை நோக்குவார்கள். பின்சக்கரங்களை உற்றுப் பார்ப்பவர் மிகச் சிலர். வண்டிக்குத் திசை காட்டுவது முன்சக்கரம், அது போகும் வழியில் பேசாமல் பின்தொடர்வது பின்சக்கரம் என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் பாதி உண்மையே என்பதை நான் 1974-ஆம் ஆண்டில், நாரணாபுரத்தில் எங்கள் அச்சுக்கூடத்தின் முற்றத்தில், ஒரு பருத்தி நூற்கண்டின் உதவியால் அறிந்தேன். அந்த நூலைப் பற்றியும், அதைப் பிடிக்க வேண்டிய நிலையை உண்டாக்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் சென்னை வண்டியைப் பற்றியும், அவ்வண்டியின் பொருட்டு ஒரு நல்ல மனிதர்மீது விழுந்த பழியைப் பற்றியும் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

நாரணாபுரம் சிவகாசியை ஒட்டிய ஊர். இன்று அது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது; நான் சொல்லும் காலத்தில் இப்பகுதி முழுவதும் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மழை குறைந்த நிலம். உழவை மட்டும் நம்பி வாழ இயலாத மக்கள். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் இங்கே கைகோத்து வளர்ந்தன. தீப்பெட்டிக்கு மேல் ஒட்டும் சீட்டு வேண்டும். பட்டாசுப் பெட்டிக்கு வண்ணப் படம் வேண்டும். ஆகவே அச்சு இயந்திரங்கள் வந்தன. என் தந்தையார் அத்தகைய சீட்டுகளை அச்சிடும் சிறிய அச்சுக்கூடம் ஒன்றை நடத்தி வந்தார். 1973-ஆம் ஆண்டில், ஏற்கெனவே சிலர் கைமாறிய ஹெரால்டு வண்டி ஒன்றை அவர் வாங்கினார். காகிதக் கடைக்கும் வங்கிக்கும் மதுரைக்கும் செல்ல அது பயன்பட்டது. முன்மூடி முழுவதும் சக்கரக் காப்புகளுடன் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் அவ்வண்டியைக் காண, பள்ளி விட்டதும் என் நண்பர்கள் எங்கள் வாசலில் கூடுவார்கள்.

அவ்வண்டி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லுகிறேன்.

நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் ஓடிய கார்களிற் பெரும்பாலானவை அயல்நாட்டுப் பகுதிகளைக் கொண்டு இங்கே பூட்டப்பட்டவை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதற்கொண்டே பம்பாயில் அவ்வாறு வண்டிகளைப் பூட்டி விற்றது. 1953-இல் சுங்கவரி ஆணையம் அளித்த அறிக்கையின்பேரில், பகுதிகளைப் படிப்படியாக இந்நாட்டிலேயே செய்யத் திட்டம் உடையவர்களுக்கு மட்டுமே இடமளிப்பது என்று அரசு முடிவு செய்தது. பூட்டுவதோடு நின்ற அயல்நாட்டு நிறுவனங்கள் விலகிக்கொண்டன. எஞ்சிய கார்த் தொழிற்சாலைகளுள் ஒன்று நம் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இருந்தது. 1948-இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனமே அது. இங்கிலாந்திலுள்ள கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் தொடர்பால் வேன்கார்டு, ஸ்டாண்டர்டு டென் முதலிய வண்டிகளை அது வெளியிட்டது. 1961 முதல் ஹெரால்டும் அங்கிருந்து வெளிவந்தது.

ஹெரால்டின் பிறப்பிலேயே ஒரு வரலாற்று நெருக்கடி இருந்தது. இங்கிலாந்தில் கார்களுக்கு உடற்கூடு செய்து தந்த தொழிற்சாலை ஒன்றை 1953-இல் போட்டி நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடற்கூட்டையும் ஒரே இடத்தில் செய்து தருவார் இல்லாத நிலையில், ஸ்டாண்டர்டு–டிரையம்ஃப் பொறிஞர்கள் தனிச் சட்டம் ஒன்றை அடியில் அமைத்து, உடலைப் பல துண்டுகளாகச் செய்து, போல்ட்டுகளால் பூட்டும் முறையை மேற்கொண்டனர். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி அதற்கு உருவம் கொடுத்தார். 1959-இல் அவ்வண்டி இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. துண்டு துண்டாகப் பூட்டக்கூடியதாகையால் தொலைநாடுகளில் தொழில் தொடங்குவதற்கும் அது ஏற்றதாக இருந்தது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் அதன் திறமை அக்காலத்தில் வியப்புடன் பேசப்பட்டது. ஆனால் அதன் உண்மையான புதுமை பின்னால், கண்ணுக்கு மறைவாக இருந்தது.

மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரங்களையும் ஒரே இருசு இணைக்கிறது. ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினால் வண்டி முழுவதும் சாய்கிறது. ஆயினும் இரண்டு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று நேராகவே நிற்கின்றன. அக்காலத்து அம்பாசிடர் முதலிய கார்களின் பின்பகுதியும் லாரியின் பின்பகுதியும் இந்த இருசின் வழிவந்தவையே. வலிய இரும்புக் கூட்டுக்குள் அச்சு இருக்கும். இருபுறமும் ஸ்பிரிங் பட்டைகள் அதைத் தாங்கும். அங்கே சக்கரத்தின் நேரைத் திருத்துவதற்கென்று ஒன்றும் இல்லை. பட்டைகளை இறுக்கும் நடுப் போல்ட் உடைந்து அச்சே நகர்ந்தாலொழிய நேர் கெடுவது அரிது.

ஹெரால்டில் அந்த இருசை நடுவே இரண்டாக வெட்டி, வெட்டிய இடத்தில் கீல் வைத்தாற்போல் அமைத்திருந்தார்கள். பற்சக்கரப் பெட்டி சட்டத்தோடு பொருத்தப்பட்டு அசையாமல் இருக்கும். அதன் இருபுறமும் இரண்டு அரையச்சுகள், பறவையின் சிறகுகள்போல மேலும் கீழும் அசையும். இதனை ஊசல் அச்சு எனலாம். பெட்டிக்கு மேலே குறுக்காக வைத்த ஒரே ஸ்பிரிங் பட்டைத் தொகுதி இரண்டு சக்கரங்களையும் தாங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மற்றது தன் வழியில் போகும். இக்கருத்து புதியதன்று. எட்மண்டு ரும்ப்ளர் என்பவர் 1903-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1923-இல் ஹான்ஸ் லெட்விங்கா தாம் வகுத்த டாட்ரா வண்டியில் இதனைக் கையாண்டார். பின்னர் ஃபோக்ஸ்வேகன் வண்டியின் வாயிலாக உலகெங்கும் இது பரவியது.

சிறகுபோல் அசையும் அரையச்சு முன்னும் பின்னும் ஆடிவிடக் கூடாதல்லவா? அதற்காக ஒவ்வொரு பின்சக்கரத்தின் அருகிலிருந்தும் முன்னோக்கி ஒரு கம்பி சென்று சட்டத்தைப் பற்றிக்கொள்ளும். ரேடியஸ் ராடு என்பது அதன் பெயர். அதன் முன்முனைப் பிடிப்புக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய தகடுகளைச் செருகியிருப்பார்கள். இவற்றைப் பட்டறையில் ஷிம் என்பர். தகட்டின் எண்ணிக்கையை மாற்றினால் கம்பியின் பிடி சற்றே முன்னுக்கோ பின்னுக்கோ போகும். அதற்கேற்பச் சக்கரம் நோக்கும் திசையும் மாறும். சக்கரத்தை முன்னுக்கு இழுத்தால் அதன் முன்விளிம்பு உட்பக்கம் திரும்பும். பின்னுக்குத் தள்ளினால் வெளிப்பக்கம் திரும்பும். கதவு கீலைச் சுற்றித் திரும்புவது போன்றதே இது. ஆகவே வண்டியின் நேர் முழுவதும் விரல் நகம் அளவு கனமுள்ள சில தகடுகளின் பொறுப்பில் இருந்தது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வண்டியை ஓட்டியவரை நாங்கள் அனைவரும் அண்ணன் என்றே அழைத்தோம். லாரியில் பல ஆண்டு பழகிய கை. அதிகம் பேசமாட்டார். 1974-இல் பின்பக்கத்து ரப்பர்ப் புதைகள் தேய்ந்துவிட்டன என்று வண்டியை ஒரு பட்டறையில் விட்டு மாற்றினோம். அதன் பிறகு இரண்டு மாதங்களில் பின்டயர்கள் இரம்பம் வைத்து அராவியதுபோல் ஒருபுறமாகத் தேய்ந்தன. அண்ணன் ஒருமுறை என் தந்தையாரிடம், ஸ்டியரிங்கை நேராக வைத்தால் வண்டி நேராகப் போவதில்லை என்று சொன்னார். மீண்டும் அதே பட்டறைக்கு அனுப்பினோம். அவர்கள் முன்சக்கரங்களைச் சரிபார்த்தார்கள். ஸ்டியரிங் வளையத்தைக் கழற்றி நேராக மாட்டிக் கொடுத்தார்கள். கண்ணுக்குக் குறை நீங்கிற்று, வண்டிக்கு நீங்கவில்லை.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் மாலை, காகிதக் கட்டுகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு விருதுநகரிலிருந்து திரும்பும்போது, மழை நனைத்த வளைவு ஒன்றில் வண்டியின் பின்புறம் வழுக்கிச் சுழன்று சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. உள்ளே அண்ணனும் என் தந்தையாரும் இருந்தனர். தந்தையாருக்குத் தோளில் அடி. அண்ணனுக்கு நெற்றியில் காயம். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அச்சம் சினமாக மாறியது. வண்டியை அடக்கத் தெரியாதவர் என்று தந்தையார் நாலுபேர் எதிரில் கூறி, அன்று இரவே அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அண்ணன் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவருடைய இளைய மகன் என் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். மறுநாள் முதல் அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை.

வண்டி ஒரு மாதம் கொட்டகையில் கிடந்தது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று கூடத் தந்தையார் எண்ணினார். அப்போதுதான் எங்கள் அச்சு இயந்திரத்தை இயக்கி வந்த பெரியவர் வாய் திறந்தார். அவர் மோட்டார் வேலை அறிந்தவர் அல்லர். ஆனால் நேர் என்பது யாது என்று அவரைப் போல் அறிந்தவர் எங்கள் ஊரில் குறைவு.

அக்காலத்தில் வண்ணச் சீட்டு அச்சிடுவதை நீங்கள் அறிய வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஒரே தாள் நான்கு முறை இயந்திரத்துக்குள் போய்வரும். ஒவ்வொரு வண்ணமும் முன்னதன்மேல் மயிரிழை பிசகாமல் விழவேண்டும். பிசகினால் சீட்டிலுள்ள குழந்தைக்கு இரண்டு உதடுகள் தோன்றும். அப்படி நேர்ந்தால் தேர்ந்த மெஷின்மேன் மையைக் குறை சொல்லமாட்டார். தாள் உள்ளே புகும்போது எந்த ஓரத்தைத் தொட்டு நிற்கிறது என்று பார்ப்பார். உருளையின்மேலுள்ள ரப்பர் விரிப்பின் அடியில் ஒரு மெல்லிய தாளைச் சேர்த்தோ குறைத்தோ அச்சின் அளவைத் திருத்துவார். தாளின் கனத்தால் நேரைத் திருத்திப் பழகியவருக்குத் தகட்டின் கனத்தால் நேரைத் திருத்தும் வண்டி அந்நியமாகத் தோன்றவில்லை.

“அண்ணாச்சி, ஒரு நூல் பிடித்துப் பார்த்துவிடுவோமே” என்றார் அவர்.

கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் நூலைப் போலவேதான். முற்றத்தின் தளத்தை முதலில் மட்டம் பார்த்தார். நான்கு டயர்களிலும் காற்றைச் சமமாக வைக்கச் செய்தார். வண்டிச் சட்டத்தின் முன்னும் பின்னும், இருபக்கமும் ஒத்த துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளிகள் இட்டு, அவற்றின் நடுவைக் கண்டு, வண்டியின் நடுக்கோட்டைச் சுண்ணாம்பால் வரைந்தார். பிறகு வண்டிக்கு இருபுறமும், அந்நடுக்கோட்டுக்கு இணையாகவும் சமதொலைவிலும், சக்கரத்தின் நடு உயரத்தில் இரண்டு நூல்களை இழுத்துக் கட்டினார். நூலிலிருந்து பின்சக்கர விளிம்பின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள தூரத்தை நான் அளவுகோலால் அளந்து சொல்ல, அவர் அட்டையில் குறித்துக்கொண்டார். சக்கர விளிம்பே சற்று நெளிந்திருக்கலாம் அல்லவா? அதற்கும் வழி செய்தார். விளிம்பில் முன்பக்கத்தில் சாக்குக்கட்டியால் குறியிட்டு அளந்து, வண்டியை அரைச் சுற்று நகர்த்தி, அதே குறி பின்பக்கம் வந்தபின் அதே இடத்தில் மீண்டும் அளக்கச் சொன்னார். இதனால் நெளிவு அளவில் கலக்காது.

இங்கே மாணவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை முன்னும் பின்னும் அளந்து, இரண்டும் சமம் என்று கண்டால் மட்டும் போதாது. இரண்டு சக்கரங்களும் ஒரே அளவில் இடப்பக்கம் திரும்பியிருந்தாலும் அவ்விரு தூரமும் சமமாகவே இருக்கும். ஆனால் வண்டி நண்டுபோல் பக்கவாட்டில் நடக்கும். ஆகவே ஒவ்வொரு சக்கரத்தையும் மற்றச் சக்கரத்தோடு ஒப்பிடாமல், வண்டியின் நடுக்கோட்டோடு ஒப்பிட வேண்டும். முன்சக்கரங்களை ஓட்டுபவர் தம் கையால் நேராக்கிக்கொள்ளலாம். பின்சக்கரங்கள் எத்திசை நோக்குகின்றனவோ அத்திசையே வண்டி செல்ல விரும்பும் திசை; அதற்கு ஈடு செய்யவே ஓட்டுபவர் ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க நேரிடுகிறது.

எங்கள் வண்டியில் இடப்பக்கப் பின்சக்கரம் நேராக இருந்தது. வலப்பக்கச் சக்கரத்தில் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் ஒரு நூல் வேறுபாடு இருந்தது. தச்சர் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு நூல் அற்பமாகத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். சக்கர விளிம்பின் விட்டம் ஏறக்குறைய 14 அங்குலம். 14 அங்குலத்துக்கு ஒரு நூல் என்றால் 112-க்கு 1 என்ற சாய்வு. அச்சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருளும்போது பக்கவாட்டில் சுமார் 9 மீட்டர் விலகிப் போக முயல்கிறது. சிவகாசியிலிருந்து மதுரை சுமார் 70 கிலோமீட்டர். அத்தொலைவில் அது 600 மீட்டருக்கு மேல் விலகியிருக்க வேண்டும். மற்றச் சக்கரங்கள் அதை விடுவதில்லை. அந்த இழுபறியில் ரப்பர் தேய்கிறது. மழைக்காலத்தில், பாரத்தோடு, வளைவில், பிடியும் தளர்கிறது.

பெரியவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். இடப்பக்க ரேடியஸ் ராட்டின் பிடிப்பில் இரண்டு தகடுகள் இருந்தன. வலப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. துருவேறாத பளபளப்பான அச்சடையாளம் மட்டும் இருந்தது. ரப்பரை மாற்றியவர்கள் கழற்றிய தகடுகளைத் திருப்பி வைக்கவில்லை. வேண்டுமென்று செய்த தீமையன்று. வெறும் வாஷர் என்று எண்ணி மூலையில் எறிந்திருப்பார்கள்.

எங்களிடமிருந்த பித்தளைத் தகட்டிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டி வைத்தோம். ஜாக்கியை இறக்கி மீண்டும் அளந்தபோது அளவு முன்னைவிட விபரீதமாக இருந்தது! சக்கரங்கள் கால் மடக்கிய ஆட்டுக்குட்டிபோல் அடிப்பக்கம் உள்ளே குவிந்து நின்றன. பெரியவரும் திகைத்துப் போனார். அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த பொறியியல் ஆசிரியர் ஒருவர்தாம் அதன் மருமத்தை விளக்கினார். ஊசல் அச்சுள்ள வண்டியை ஜாக்கியால் தூக்கினால் சிறகுகள் தொங்கிவிடும். கீழே இறக்கினாலும் டயர் தரையைப் பற்றிக்கொள்வதால் அவை உடனே பழைய நிலைக்கு வாரா. வண்டியைச் சில கெஜம் முன்னும் பின்னும் உருட்டிய பின்னரே அளக்க வேண்டும். அதுவும் வழக்கமான பாரத்தோடு அளக்க வேண்டும். ஏனெனில் பாரம் ஏற ஏற இச்சக்கரங்களின் மேல்விளிம்பு உட்புறம் சாயும். உருட்டினோம், பின் இருக்கையில் இரண்டு ஆட்களின் எடைக்குக் காகிதக் கட்டுகளை வைத்தோம், அளந்தோம். இரண்டு சக்கரங்களும் நூல் பிடித்தாற்போல் நின்றன. மறுநாள் ஓட்டிப் பார்த்தபோது ஸ்டியரிங் வளையம் கோணலாக நின்றது. பட்டறையார் செய்த மூடுதிரை அது. அதை மட்டும் கழற்றிப் பழையபடி மாட்டினோம்.

அன்று மாலை என் தந்தையார் என்னையும் அழைத்துக்கொண்டு அண்ணனின் வீட்டுக்கு நடந்தே போனார். திண்ணையில் அக்கம்பக்கத்தார் சிலர் இருந்தனர். அவர்கள் எதிரிலேயே, தவறு உன்மேல் இல்லையப்பா, வண்டியின் பின்சக்கரம் கோணியிருந்தது, பாராமல் பேசிவிட்டேன் என்று தந்தையார் கூறினார். அண்ணன் எழுந்து நின்றார்.

“ஸ்டியரிங்கை நேராக வைத்தால் வண்டி நேராகப் போவதில்லை என்று அன்றைக்கே சொன்னேனே, முதலாளி” என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. தந்தையாரிடம் மறுமொழி இல்லை. அண்ணன் அதற்குள் ஒரு லாரிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். எங்களிடம் திரும்பி வரவில்லை. அவர் மகன் மட்டும் மீண்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். விபத்துக்குச் சக்கரம் ஒன்றே காரணம் என்று நான் வாதிடமாட்டேன். ஈரச் சாலைக்கும் பின்பாரத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் குறையின் முழு விளக்கமும் அண்ணன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. அதைக் கேட்டவர் எவரும் அளந்து பார்க்கவில்லை.

எங்கள் முற்றத்தில் நடந்தது நாட்டு வரலாற்றிலும் நடந்தது. ஹெரால்டின் பகுதிகள் ஆண்டுக்கு ஆண்டு இந்நாட்டிலேயே செய்யப்பட்டன. நான்கு கதவுள்ள வடிவமும் இங்கேயே உருவாயிற்று. எனினும் அதன் பின்பகுதி நம் நாட்டு வாங்குவோருக்கும் பட்டறையாருக்கும் பிடிக்கவில்லை. 1972-இல் அதே நிறுவனம் கெஸல் என்ற பெயரில் வண்டியைத் திருத்தி வெளியிட்டபோது, ஊசல் அச்சைக் கைவிட்டுப் பழைய முறையிலான ஒற்றை அச்சுக்கே திரும்பியது. கெஸல் சிறு எண்ணிக்கையிலேயே செய்யப்பட்டது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை அந்நிறுவனம் வெளியிட்டுப் பார்த்தது, அதுவும் நிலைக்கவில்லை. 1980-களின் இறுதியில் அங்கே கார்த் தொழில் முடிவுற்றது.

ஊசல் அச்சு தோற்றது நம் நாட்டுச் சாலைகளால் என்று பலர் சொல்வர். அதில் உண்மை உண்டு. அவ்வமைப்புக்குத் தனக்கே உரிய குறையும் உண்டு. வேகமாக வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கும் இயல்புடையது அது. அமெரிக்காவில் ஷெவர்லே கார்வேர் என்ற வண்டியின் இத்தகைய பின்பகுதியை 1965-இல் ரால்ஃப் நேடர் தம் நூலில் கடுமையாகக் கண்டித்தார். 1972-இல் அந்நாட்டு அரசின் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை சோதித்து, அக்காலத்து ஒத்த வண்டிகளைவிட அது மோசமானதன்று என்று முடிவு கூறிற்று. அறிஞர்களே இருவேறு கருத்துக் கொண்ட பொருள் இது. ஆனால் என் கண்ணால் கண்ட ஒன்றை நான் மறுக்க இயலாது. எங்கள் வண்டியைக் கெடுத்தது சாலையன்று. தகடு எதற்கு என்று அறியாமை. வண்டி எங்கள் ஊர்வரை வந்தது. அதைத் திருத்தும் அறிவு எங்கள் ஊர்ப் பட்டறைவரை வரவில்லை. அவ்வறிவு பணிமனைக் கையேட்டில், ஆங்கிலத்தில் இருந்தது. அப்பட்டறையில் அதைப் படித்தவர் இல்லை.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்றனர். தீப்பெட்டி செய்யும் தொழிலை அங்கே சில மாதங்கள் தங்கிக் கற்றனர். பிறகு ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். அவர்கள் தீப்பெட்டியை வாங்கி வரவில்லை. இயந்திரத்தை மட்டும் கொண்டு வந்து நிறுத்தவும் இல்லை. மருந்து கலக்கும் விகிதத்தையும் குச்சியை முக்கும் பக்குவத்தையும் தங்கள் கையோடு கொண்டு வந்தனர். கற்றதை அண்டை அயலாருக்கும் பரப்பினர். அதனால் அத்தொழில் இங்கே வேர்விட்டது; அதிலிருந்து பட்டாசும் அச்சும் கிளைத்தன. பொருள் ஊருக்கு வருவது வேறு. அதன் அறிவு ஊருக்கு வருவது வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றால், தொழில் வரலாற்றின் பல புதிர்கள் விளங்கும்.

இன்று நம் கார்களிற் சில பின்சக்கரம் தனித்தனியே அசையும் அமைப்புடன் வருகின்றன. அலைன்மெண்ட் பார்க்கும் கூடங்களில் நான்கு சக்கரங்களிலும் கருவிகளை மாட்டிக் கணிப்பொறித் திரையில் அளவுகளைக் காட்டுகிறார்கள். பின்சக்கரங்கள் நோக்கும் திசையும் அத்திரையில் தனியே தெரிகிறது. பெரியவர் சுண்ணாம்பால் வரைந்த நடுக்கோடே அங்கு ஒளிக்கோடாகியிருக்கிறது, கணக்கு ஒன்றுதான். ஆயினும் திரையில் தோன்றும் எண் எதைக் குறிக்கிறது என்று அறியாதவர் கையில், அக்கருவியும் எறியப்பட்ட தகடுதான்.

எங்கள் ஹெரால்டு இன்றும் நாரணாபுரத்தில் இருக்கிறது. தந்தையாரும் பெரியவரும் அண்ணனும் இப்போது இல்லை. ஆண்டுதோறும் தைப் பொங்கலுக்கு முன் வண்டியை முற்றத்தில் நிறுத்தி நூல் கட்டுகிறோம். அண்ணனின் மகன் சென்ற ஆண்டும் தன் பேத்தியுடன் வந்திருந்தான். அளவுகோலை அக்குழந்தையிடம் கொடுத்தோம். அவள் பின்சக்கரத்தின் அருகில் குந்தி அளந்து, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது தாத்தா என்றாள். வண்டியை உருட்டிய பிறகு அளந்தாயா என்று அவன் கேட்டான். இல்லை என்றாள். உருட்டிவிட்டு மீண்டும் அளக்கச் சொன்னோம்.

மாணவ நண்பர்களே, உங்கள் கைக்கு வரும் எந்தக் கருவியாயினும் அதனை இயக்கக் கற்பதோடு நின்றுவிடாதீர்கள். அதன் நேர் எங்கே இருக்கிறது, எதனால் கெடும், எதனால் திருந்தும் என்றும் கேளுங்கள். கருவியைக் கையில் பிடித்திருப்பவன் ஒரு குறையைச் சொன்னால், அவனைப் பழிப்பதற்கு முன் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள்.